கோ மொழியின் டிஎல்எஸ் தொகுப்பு: ஆறு ஆண்டு ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

கோ என்ற நிரல்மொழியை நிறுவும்போதே அதன் நிலையான நூலகத்தோடு சேர்ந்து வந்துவிடுகிற ‘கிரிப்டோ/டிஎல்எஸ்’ தொகுப்பை நான் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வலையில் இரு முனைகளுக்கு இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்பும் நெறிமுறைதான் டிஎல்எஸ். தனியாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை, உரிமக் கட்டணமும் இல்லை என்பதாலோ என்னவோ, இதையும் ஒரு பொருளாக எண்ணி எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. கைப்பேசி வாங்குவதற்கு முன் பத்து மதிப்புரைகளைப் படிக்கும் நிரலாளர், தன் வாடிக்கையாளர்களின் கடவுச்சொல்லும் கணக்கு விவரமும் எந்த நிரலின் வழியாகக் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகின்றன என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இரு அலுவலகங்களுக்கு இடையே பரிவர்த்தனைத் தகவல்களைக் கொண்டு செல்லும் ஒரு சேவை, களத்தில் பொருத்தப்பட்ட சிறு கருவிகளிடமிருந்து அளவீடுகளைப் பெறும் ஒரு சர்வர், உள்வேலைக்கான சில சிறு நிரல்கள் என்று பல இடங்களில் இதை ஓட்டிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் கையில் கொடுக்க மறுத்த தேர்வுகளே இந்தத் தொகுப்பின் பெரும் பலம், நம் பொறுப்பில் அது விட்டுவைத்த இடங்களில்தான் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

மற்ற மொழிகளில் பாதுகாப்பான இணைப்பு என்றால் பெரும்பாலும் அடியில் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல்தான். பைத்தான், ரூபி, பிஎச்பி ஆகியவை தம் மொழியில் ஓர் உறையைப் போர்த்தி, உள்ளே சி மொழியில் எழுதப்பட்ட அந்த நூலகத்தையே அழைக்கின்றன. கோ அந்த வழியில் போகவில்லை. வேகத்துக்காக அசெம்பிளியில் எழுதப்பட்ட சில கணக்கீட்டுப் பகுதிகள் நீங்கலாக, நெறிமுறை முழுவதும் கோ மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூகுளில் பணியாற்றிய ஆடம் லாங்லி தொடக்கத்தில் எழுதியதைப் பின்னாளில் ஃபிலிப்போ வல்சோர்டா முன்னெடுத்துச் சென்றார். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவின் பயன் விளங்கும். எதிர்முனை பொய்யான ஒரு நீளத்தைச் சொல்லி ‘அனுப்பியதைத் திருப்பி அனுப்பு’ என்று கேட்டால், அன்றைய ஓப்பன்எஸ்எஸ்எல் அதைச் சரிபார்க்காமல் தன் நினைவகத்திலிருந்து ஒரே கேள்விக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிட்டது. அந்த அள்ளலில் சர்வரின் ரகசியச் சாவியும் சேர்ந்து வரக்கூடும். கோ மொழியில் ஒரு வரிசையின் எல்லையைத் தாண்டிப் படிக்க முயன்றால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிற்பதும் தொல்லைதான், ஆனால் மறுநாள் எல்லாச் சாவிகளையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு குறை திருத்தப்பட்டால், சர்வரில் அந்த நூலகத்தைப் புதுப்பித்துச் சேவைகளை நிறுத்தித் தொடங்கினால் போதும். கோ நிரலில் நெறிமுறை நிரலுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், திருத்தம் வந்தவுடன் ஒவ்வொரு நிரலையும் புதிய பதிப்பில் மீண்டும் தொகுத்து, மீண்டும் சர்வரில் ஏற்றியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொகுத்துவிட்டு மறந்துபோன ஒரு சிறு நிரல் எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால், அது இரண்டு ஆண்டு பழைய டிஎல்எஸ்ஸோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். ‘கோவல்ன்செக்’ என்ற கருவி அப்படிப்பட்ட நிரல்களைக் கண்டுபிடித்துச் சொல்லும். எங்கே தேட வேண்டும் என்பது நமக்கு நினைவிருந்தால்.

இணைப்பை ஏற்படுத்துவது எளிது. கிளையண்ட் பக்கத்தில் ‘டிஎல்எஸ்.டயல்’ என்ற செயல்கூறுக்கு முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்து, அமைப்பு விவரம் கேட்கும் இடத்தில் ஒன்றுமே கொடுக்காமல் விட்டால்கூடப் போதும். சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாள ஆவணம்தான் சான்றிதழ். இயங்குதளம் நம்பும் மூலச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, எதிர்முனையின் சான்றிதழ் அவற்றில் ஒன்றில் போய் முடிகிறதா, காலாவதி ஆகவில்லையா, நாம் கொடுத்த முகவரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நம்முடைய முதல் பைட்டை வெளியே விடுகிறது. சர்வர் பக்கத்தில் சான்றிதழ்க் கோப்பு ஒன்று, சாவிக் கோப்பு ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் சேவை தொடங்கும்போதே ‘தனிச்சாவி பொதுச்சாவியோடு பொருந்தவில்லை’ என்று நேராகச் சொல்லிவிடும். இணையச் சேவையாக இருந்தால் எச்டிடிபி/2-உம் கேட்காமலேயே பேசப்படும்.

தேர்வுகளை மறுப்பது பற்றிச் சொன்னேன். என்ஜின்எக்ஸ் அல்லது அபாச்சி என்ற இணைய சர்வரை அமைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு, எந்தெந்தக் குறியாக்க முறைகளை அனுமதிப்பது என்று முக்காற்புள்ளியும் வியப்புக்குறியுமாக நீளும் அந்தச் சைஃபர் வரி நினைவிருக்கும். யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆண்டில் எழுதியதை நகலெடுத்து ஒட்டி, அது எதை அனுமதிக்கிறது எதைத் தடுக்கிறது என்று ஒரு வரிகூடப் புரியாமல் பல ஆண்டுகள் ஓட்டிய பாவம் எனக்கும் உண்டு. கோ தொகுப்பில் 2018-இல் வெளியான டிஎல்எஸ் 1.3-க்கு மூன்று சைஃபர் சூட்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு வழியே கிடையாது. 1.2-க்குப் பட்டியல் கொடுக்கலாம், ஆனால் கோ 1.17 முதல் அந்தப் பட்டியலின் வரிசையைத் தொகுப்பு கண்டுகொள்வதில்லை. இரு முனைகளிலும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்கீட்டுக்கு வன்பொருள் வசதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத எளிய கருவிகளுக்குச் சாசா20-ஐயும் இருப்பவற்றுக்கு ஏஇஎஸ்ஸையும் முன்னே வைப்பதை அதுவே செய்துகொள்கிறது. பழையவற்றைக் கழித்துக் கட்டுவதிலும் அதே பிடிவாதம். டிஎல்எஸ்ஸின் முன்னோடியான எஸ்எஸ்எல் 3.0 கோ 1.14-இல் போயிற்று, கிளையண்ட் பக்கத்தில் டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் 2022-இல் வந்த கோ 1.18 முதலும், சர்வர் பக்கத்தில் 2024-இல் வந்த 1.22 முதலும் இயல்பாகவே மூடப்பட்டன. முன்னோக்கு ரகசியம் இல்லாத, அதாவது சர்வரின் சாவி பின்னாளில் கசிந்தால் பழைய உரையாடல்களையும் திறந்துவிடக்கூடிய, பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றமும் அந்த 1.22-இல்தான் விலக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கூட்டம் போட்டு முடிவெடுக்க என்னால் முடிந்திருக்காது. தகுதியுள்ளவர்கள் எனக்காக முடிவெடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பிடிவாதம் முதலில் என்னைக் குத்தியது 2020-இல். அலுவலக உள்வலைக்கென்று முன்பொரு காலத்தில் யாரோ தயாரித்த சான்றிதழ் ஒன்று எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக இருந்தது. அதில் சர்வரின் பெயர் ‘காமன் நேம்’ என்ற பழைய புலத்தில் மட்டும் இருந்தது; மாற்றுப் பெயர்களுக்கான புலம் காலி. அந்தப் பழைய புலத்தைக் கண்டுகொள்ளாத கோ 1.15-க்கு மாறிய அன்று உள்சேவைகள் ஒன்றோடொன்று பேச மறுத்துவிட்டன. தற்காலிகமாகப் பழைய நடத்தையைத் திருப்பித் தரும் சுற்றுச்சூழல் மாறி எது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லியது என்பதையும், அந்தச் சலுகை 1.17-இல் முற்றாக நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். நாங்கள் பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடினோம்.

அந்த நாட்களில்தான் ‘இன்செக்யூர் ஸ்கிப் வெரிஃபை’ என்ற புலம் எங்கள் நிரலுக்குள் நுழைந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் வந்து, “ஒரு வரிதான் சேர்த்தேன், சரியாகிவிட்டது அண்ணா” என்றார். அந்த ஒரு வரி செய்வது என்ன என்றால், எதிர்முனை எந்தச் சான்றிதழைக் காட்டினாலும், எந்தப் பெயரைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது. குறியாக்கம் அப்படியே நடக்கும். ஆனால் கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைத்து ஒட்டிவிட்டு, வாசலில் நின்ற யாரோ ஒருவர் கையில் கொடுப்பதற்குச் சமம். பெயரிலேயே ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதி வைத்திருப்பது நல்ல வடிவமைப்புதான். படித்துப் பார்ப்பவரை அது நிறுத்தும். அவசரத்தில் இருப்பவர் பெயரைப் படிப்பதில்லை. தேவையாக இருந்தது வேறொன்று: உள்வலைக்கான மூலச் சான்றிதழை ஒரு தொகுதியில் ஏற்றி ‘ரூட் சிஏஸ்’ என்ற புலத்தில் கொடுப்பது. அதிலும் இரண்டு முட்கள் உண்டு. கோப்பில் சரியான சான்றிதழ் இல்லை என்றால் ஏற்றும் செயல்கூறு பிழை எதையும் எழுப்பாமல் வெறும் ‘இல்லை’ என்ற மதிப்பைத் திருப்பித் தரும்; அதைப் பார்க்காமல் விட்டவர்கள் காலித் தொகுதியோடு போய் நிற்பார்கள். அடுத்தது, இந்தப் புலத்தில் எதையாவது கொடுத்துவிட்டால் இயங்குதளத்தின் மூலச் சான்றிதழ்கள் அத்தனையும் விலகிவிடும். உள்சேவை ஓடும், வெளியே ஒரு குறுஞ்செய்தி அனுப்பப் போனால் விழும். இரண்டும் வேண்டும் என்றால் இயங்குதளத்தின் தொகுதியை முதலில் வாங்கி, அதோடு நம்முடையதைச் சேர்க்க வேண்டும். சோதனை நிரல்களுக்கோ இந்த வரி தேவையே இல்லை. ‘எச்டிடிபிடெஸ்ட்’ தொகுப்பு தானே ஒரு டிஎல்எஸ் சர்வரை எழுப்பி, அதை நம்பும் கிளையண்டையும் கையில் கொடுக்கிறது.

இதே புலத்தை நோக்கி என்னைத் தள்ளப் பார்த்த இன்னொரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் நேரக்கூடியது. நாங்கள் தகவல் அனுப்பும் ஒரு கூட்டாளி நிறுவனம் தன் சான்றிதழை மாற்றியது. என் விண்டோஸ் மடிக்கணினியில் நிரல் பிசகில்லாமல் ஓடியது. அதே நிரல் லினக்ஸ் சர்வரில் ‘அறியப்படாத சான்றளிப்பவர் ஒப்பமிட்ட சான்றிதழ்’ என்ற பொருள்படும் பிழையைச் சொல்லி நின்றது. கூட்டாளியிடம் கேட்டால் ‘பிரவுசரில் திறந்து பாருங்கள், பூட்டுக் குறி தெரிகிறது’ என்று பதில். பூட்டுக் குறி தெரியத்தான் செய்தது. டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கிளையண்ட் கட்டளையை ஓட்டி, அந்த சர்வர் அனுப்பும் சான்றிதழ்களை அப்படியே கொட்டச் சொன்னேன். ‘பிகின் சர்ட்டிஃபிகேட்’ என்று தொடங்கும் கட்டு இரண்டாவது இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. சர்வரின் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அவர்கள் அனுப்பவே இல்லை. பிரவுசர்கள் விடுபட்ட இடைநிலையைத் தாமே தேடி எடுத்தோ, முன்பே சேமித்து வைத்ததைக் கொண்டோ ஒப்பேற்றிவிடுகின்றன. கோ தொகுப்பு விண்டோஸிலும் மேக்கிலும் சரிபார்க்கும் வேலையை அந்த இயங்குதளத்திடமே ஒப்படைக்கிறது. விண்டோஸ் அந்த இடைநிலையைத் தானே இறக்கிக்கொண்டது. லினக்ஸில் கோ தானே சரிபார்க்கிறது, எதையும் தேடிப் போவதில்லை. தவறு கூட்டாளியின் பக்கம்தான். சங்கிலி முழுவதும் உள்ள கோப்பை வைக்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சான்றிதழ்க் கோப்பை வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரே நிரல் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு தீர்ப்புச் சொல்வது, அதைத் தெரியாதவரை நான்கு நாள் சுற்ற வைக்கும். என்னைச் சுற்ற வைத்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, நிரலை அதற்கு வேண்டியவற்றோடு ஒரு படிமமாகக் கட்டி அனுப்பும் டாக்கர் கருவியின் கதை. ‘ஸ்கிராட்ச்’ என்ற வெற்றுப் படிமத்தில் கோ நிரலை மட்டும் வைத்து அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் படிமத்தில் மூலச் சான்றிதழ்க் கோப்பே கிடையாது என்பதால் அதே பிழை வரும். கோப்பைச் சேர்த்துக் கட்டலாம், அல்லது மொசில்லாவின் பட்டியலை நிரலுக்குள்ளேயே அடைத்துத் தரும் துணைத் தொகுப்பைச் சேர்க்கலாம். முன்னதே எனக்குப் பிடிக்கும்.

இந்தத் தொகுப்போடு எனக்கு இருக்கும் மிகப் பெரிய மனக்குறை சான்றிதழ் மறுஏற்றம். கோப்பிலிருந்து சான்றிதழை ஏற்றும் செயல்கூறு, சேவை தொடங்கும்போது ஒரு முறை படிப்பதோடு சரி. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றளிப்பு அமைப்பு தரும் 90 நாள் சான்றிதழை, அறுபதாவது நாளை ஒட்டிப் புதுப்பிப்புக் கருவி தானாகவே புதுப்பித்துக் கோப்பில் எழுதிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது தெரியாது. எங்கள் அளவீட்டு சர்வர் மூன்று மாதம் ஒரு முறைகூட நிற்காமல் ஓடியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பெருமையே வினையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் இணைப்பை மறுத்தன. கோப்பைத் திறந்து பார்த்தால் இன்னும் 60 நாள் செல்லுபடியாகும் சான்றிதழ் பளிச்சென்று இருக்கிறது. நினைவகத்தில் இருந்ததோ முந்தைய இரவு காலாவதியானது. சேவையை நிறுத்தித் தொடங்கியதும் சரியாகிவிட்டது என்பதால், காரணம் புரிவதற்கு முன்பே கோளாறு மறைந்துவிட்டது; அதைத் திரும்ப வரவழைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தவறு என்னுடையதுதான்.

இதற்குத் தொகுப்பு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ‘கெட் சர்ட்டிஃபிகேட்’ என்ற புலத்தில் நாம் ஒரு செயல்கூறைக் கொடுத்தால், ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கின்போதும், அதாவது இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் சாவிக்காகப் பேசிக்கொள்ளும்போதும், ‘எந்தச் சான்றிதழைக் காட்டட்டும்’ என்று அதைக் கேட்கும். கோப்பு மாறியிருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, மாறியிருந்தால் புதியதை ஏற்றிப் பழையதன் இடத்தில் வைக்கும் நிரலை இருபத்தைந்து வரிக்குள் எழுதிவிடலாம். சான்றிதழ்க் கோப்பு எழுதப்பட்டுவிட்டது, சாவிக் கோப்பு இன்னும் எழுதப்படவில்லை என்ற இடைவெளியில் போய்ப் படித்துவிட்டால் இரண்டும் பொருந்தாது. அப்போது பழையதையே வைத்துக்கொண்டு அடுத்த நிமிடம் மீண்டும் பார்க்க வேண்டும். நுணுக்கம் அவ்வளவுதான். ஆனால் இதை ஒவ்வொரு நிரலாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்த பிறகு தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது. சைஃபர் வரிசையைக்கூட எனக்காக யோசித்து வைத்த தொகுப்பு, இதை மட்டும் என் தலையில் கட்டியிருக்க வேண்டாம்.

இணையத்தில் நேரடியாக நிற்கும் சர்வராக இருந்தால் ‘ஆட்டோசர்ட்’ என்ற துணைத் தொகுப்பு இந்தத் தொல்லையைத் தீர்க்கும். சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது, மாற்றிக் காட்டுவது எல்லாமே அதன் பொறுப்பு. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: எந்தெந்தப் பெயர்களுக்கு வாங்கலாம் என்ற வரம்பைக் கட்டாயம் கொடுங்கள், இல்லாவிட்டால் எதிர்முனை கேட்கும் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் கேட்டுப் போய் நிற்கும்; வாங்கியதைச் சேமிக்க ஓர் அடைவையும் கொடுங்கள், இல்லாவிட்டால் சேவையைத் தொடங்கும்போதெல்லாம் புதிதாகக் கேட்கும். ஒரே பெயர்த் தொகுதிக்கு ஒரு வாரத்தில் ஐந்து முறைக்கு மேல் லெட்ஸ் என்கிரிப்ட் தராது. சோதனைக்காக ஆறு முறை நிறுத்தித் தொடங்கிவிட்டு விழித்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன்.

இருபுறமும் சான்றிதழ் காட்டும் இணைப்பு, அதாவது கிளையண்டும் தன்னை நிரூபிக்க வேண்டிய இணைப்பு, இங்கே வியக்கத்தக்க அளவுக்கு எளிது. கருவிகளுக்கென்று ஒரு சிறு சான்றளிப்பு அமைப்பை நாமே உருவாக்கி, அதன் மூலச் சான்றிதழைச் சர்வரிடம் கொடுத்து, எந்த அளவுக்குக் கண்டிப்பு என்பதை ஒரு புலத்தில் சொன்னால் போதும். அந்தப் புலத்துக்கு ஐந்து மதிப்புகள் உண்டு. நமக்கு வேண்டியது ‘ரிக்வயர் அண்ட் வெரிஃபை’ என்று தொடங்குவது. அதற்குப் பக்கத்திலேயே ‘ரிக்வயர் எனி’ என்று தொடங்கும் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் கண்டிப்பானது போலத்தான் தெரியும். ஆனால் அது ஒரு சான்றிதழ் வேண்டும் என்று மட்டுமே கேட்கும், அது யாருடையது என்று பார்க்காது. எவர் வேண்டுமானாலும் தன் வீட்டில் தயாரித்த சான்றிதழைக் காட்டி உள்ளே வந்துவிடலாம். கூடுதல் சோதனை எழுத விரும்புவோருக்கு இன்னொரு பொறியும் உண்டு: ‘வெரிஃபை பியர் சர்ட்டிஃபிகேட்’ என்ற புலத்தில் கொடுக்கும் சோதனை, முந்தைய அமர்வைத் தொடரும் இணைப்புகளில் அழைக்கப்படாது. நேற்று அனுமதித்த கருவியை இன்று தடைப்பட்டியலில் சேர்த்திருந்தாலும், அது பழைய அமர்வுச் சீட்டோடு வந்தால் சோதனை ஓடாமலேயே உள்ளே போய்விடும். கோ 1.15-இல் சேர்ந்த ‘வெரிஃபை கனெக்‌ஷன்’ எல்லா இணைப்புகளுக்கும் ஓடும். புதிதாக எழுதுவோர் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கால வரம்பு பற்றித் தொகுப்பு மௌனமாக இருப்பது அடுத்த குறை. சர்வர் ஓர் இணைப்பை ஏற்றுக்கொண்டது என்று சொல்லும்போது ஹேண்ட்ஷேக் இன்னும் நடந்திருக்காது. நாம் முதல் பைட்டைப் படிக்கவோ எழுதவோ போகும்போதுதான் அது தொடங்கும். வலுவில்லாத கைப்பேசி வலையில் இருக்கும் எங்கள் கருவிகள் சில, இணைப்பைத் திறந்த கையோடு சிக்னலை இழந்துவிடும். படிப்பதற்குக் கால வரம்பு வைக்காத என் சர்வர் அவற்றுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் அப்படிக் காத்திருந்த கோருட்டீன்கள், அதாவது கோ மொழியில் இணையாக ஓடும் சிறு பணிகள், ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஒவ்வோர் இணைப்புக்கும் தனிக் கோருட்டீனைத் தொடங்கி, அதற்குள் பத்து நொடி வரம்போடு ஹேண்ட்ஷேக்கை நாமே வெளிப்படையாக அழைப்பதுதான் தீர்வு. அதை இணைப்புகளை ஏற்கும் சுற்றுக்குள்ளேயே அழைத்துவிட்டால் ஒரு மந்தமான கருவி மற்ற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிடும். கிளையண்ட் பக்கமும் வெறும் ‘டயல்’ காலவரம்பு இல்லாதது. வரம்புள்ள டயலரைக் கொடுத்து அழைக்க வேண்டும்.

பிழைச் செய்திகள் கலவையானவை. குறியாக்கம் இல்லாத எச்டிடிபியில் பேசும் சர்வரிடம் டிஎல்எஸ் பேசப் போனால் ‘முதல் பதிவே டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் போலத் தெரியவில்லை’ என்று சொல்வது எனக்குப் பிடித்தமானது. படித்தவுடன் போர்ட் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறோம் என்று புரிந்துவிடும். எதிர்முனை நம் சான்றிதழை மறுக்கும்போது வரும் ‘மோசமான சான்றிதழ்’ என்ற செய்தியோ ஒன்றையும் சொல்லாது. அது தொகுப்பின் குற்றமில்லை, நெறிமுறையே அவ்வளவுதான் சொல்கிறது. உண்மையான காரணம் எதிர்முனையின் பதிவேட்டில்தான் இருக்கும். அமர்வுச் சாவிகளை ஒரு கோப்பில் எழுதச் செய்து வலைப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் முழு உரையாடலையும் திறந்து படிக்க வழி இருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பதை நான் நிரலில் பெரிய எழுத்தில் குறிப்பாக எழுதி வைப்பது வழக்கம்.

பலரும் கவனிக்காத ஒன்று, தொகுப்பிகளின் (கம்பைலர்களின்) பதிப்பும் டிஎல்எஸ் நடத்தையும் ஒன்றல்ல என்பது. கோ 1.21 முதல், பழைய நடத்தைகளைத் திருப்பித் தரும் ‘கோடீபக்’ அமைப்புகளின் இயல்பு மதிப்பு, திட்டத்தின் ‘கோ.மாட்’ கோப்பில் எழுதியிருக்கும் பதிப்பைப் பின்பற்றுகிறது. அந்தக் கோப்பில் 1.21 என்று இருந்தால், 1.22 தொகுப்பியில் தொகுத்தாலும் சர்வர் டிஎல்எஸ் 1.0-ஐ ஏற்றுக்கொண்டே இருக்கும். பழைய நிரல் உடையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும் ‘புதிய தொகுப்பிக்கு மாறிவிட்டோம்’ என்று பாதுகாப்புத் தணிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வந்தபின், அவர் ஸ்கேன் அறிக்கையை நீட்டியபோது எனக்கு முகம் வைத்துக்கொள்ள இடமில்லை. குறைந்தபட்சப் பதிப்பு 1.2 என்று அமைப்பு விவரத்தில் வெளிப்படையாகவே எழுதி வைப்பது இப்போது என் வழக்கம்.

குவாண்டம் கணினிகளுக்குத் தாக்குப்பிடிக்கும் சாவிப் பரிமாற்றம் 2025 பிப்ரவரியில் வந்த கோ 1.24-இல் நிலையான வடிவத்தில் இயல்பாகவே வந்துவிட்டது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய முறையான எக்ஸ்25519-இன் 32 பைட்டோடு புதிய முறையான எம்எல்-கெம்மின் 1184 பைட்டும் சேர்வதால் முதல் செய்தி ஒரே பாக்கெட்டுக்குள் அடங்காமல் போகலாம். அதைத் தாங்காத பழைய வலைக் கருவிகள் வழியில் இருந்தால் இணைப்பு தொங்கிவிடும். எங்களுக்கு அப்படி நேரவில்லை. சான்றிதழ் ரத்து செய்யப்பட்டிருக்கிறதா என்று தொகுப்பு தானாகப் பார்ப்பதில்லை என்பதையும் வங்கித் துறையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ட்ரெயில் ஆஃப் பிட்ஸ் நிறுவனம் கோ மொழியின் குறியாக்கத் தொகுப்புகளைத் தணிக்கை செய்து, ஒரே ஒரு சிறு குறையையும் தகவலுக்கான சில குறிப்புகளையும் கண்டதாகக் கோ குழு 2025-இல் வெளியிட்டது. அது அடிப்படைக் கணக்கீடுகளுக்கான தணிக்கை, டிஎல்எஸ் நெறிமுறை அதன் வரம்புக்குள் வரவில்லை. வேகத்தைப் பொறுத்தவரை, ஆர்எஸ்ஏ சான்றிதழைவிட ஈசிடிஎஸ்ஏ சான்றிதழ் வைத்தால் சர்வருக்குச் சுமை குறைவு என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கோ மொழியில் எழுதுபவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் உறை ஒன்றைத் தேடிப் போவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுப்பேன். ஐந்தாவதைப் பிடித்து வைத்திருப்பது அந்த மறுஏற்றம்தான். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றளிப்பு நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்துவிட்டது. போன மாதம் தொடங்கிய ஐந்தாவது சேவையிலும் முதல் வேலையாக அந்த இருபத்தைந்து வரியைப் பழைய திட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினேன்.